ஐந்து வாரத்தில் மூன்று மோதல்: பேக்கர்ஸ் - பேர்ஸ் பகையின் பின்னால் இருக்கும் கணக்கு

2025 டிசம்பர் 7 அன்று கிரீன் பே பேக்கர்ஸும் சிகாகோ பேர்ஸும் மோதின. டிசம்பர் 20 அன்று மறுபடி மோதின. 2026 ஜனவரி 10 அன்று மூன்றாவது முறை. அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள் இருக்கின்றன. ஓர் அணிக்கு லீக் சுற்றில் மொத்தமே 17 ஆட்டங்கள்தான். அப்படியிருக்க, இதே இரண்டு அணிகள் மட்டும் ஏன் இப்படி மாறி மாறி முட்டிக்கொள்கின்றன?

அதோடு இன்னொரு குழப்பமும் உண்டு. கிரீன் பே ஒரு சின்ன ஊர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 1,07,395 பேர். சிகாகோவில் 27 லட்சம் பேர். இந்த ஊரும் அந்த நகரமும் நூறு வருடங்களாகச் சரிக்குச் சமமாக ஆடிவருகின்றன. அதுவும் கடந்த முப்பது வருடங்களில் பெரும்பாலும் சின்ன ஊர்தான் ஜெயித்தது.

இந்தப் பகையைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக வெறுப்பு, ரத்தம், பாரம்பரியம் என்றே எழுதுவார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வெறுப்பைத் தலைமுறை தலைமுறையாக உயிரோடு வைத்திருப்பது லீக்கின் விதிப்புத்தகமும் கணக்குப்புத்தகமும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

டிவிஷன் என்றால் என்ன

32 அணிகளும் முதலில் இரண்டு கான்ஃபரன்ஸ்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: ஏ.எஃப்.சி., என்.எஃப்.சி. ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் நான்கு டிவிஷன்கள். ஒரு டிவிஷனில் நான்கு அணிகள். 2002-ல் வந்த அமைப்பு இது. பேக்கர்ஸும் பேர்ஸும் இருப்பது என்.எஃப்.சி. நார்த் டிவிஷனில். கூட இருப்பவை டெட்ராய்ட் லயன்ஸ், மினசோட்டா வைக்கிங்ஸ்.

ஐரோப்பிய கால்பந்து லீக்குகளைப் போலக் கீழ்மட்ட லீக்குக்கு இறக்கிவிடும் வழக்கம் இங்கே கிடையாது. எவ்வளவு மோசமாக ஆடினாலும் அடுத்த வருடமும் அதே டிவிஷனில், அதே மூன்று எதிரிகளோடுதான் ஆட வேண்டும். தப்பிக்க வழியே இல்லை.

ஓர் அணியின் 17 ஆட்டங்கள் இப்படித் தீர்மானிக்கப்படுகின்றன:

1. தன் டிவிஷனின் மற்ற மூன்று அணிகளோடு தலா இரண்டு ஆட்டம். ஒன்று சொந்த மைதானத்தில், ஒன்று எதிரியின் மைதானத்தில். மொத்தம் 6.
2. தன் கான்ஃபரன்ஸிலேயே வேறொரு டிவிஷனின் நான்கு அணிகளோடு தலா ஓர் ஆட்டம். எந்த டிவிஷன் என்பது மூன்று வருடச் சுழற்சியில் மாறும்.
3. எதிர் கான்ஃபரன்ஸின் ஒரு டிவிஷனில் உள்ள நான்கு அணிகளோடு தலா ஓர் ஆட்டம். இது நான்கு வருடச் சுழற்சி.
4. மீதி 3 ஆட்டங்கள், போன வருடம் தத்தம் டிவிஷனில் இதே இடத்தைப் பிடித்த அணிகளோடு.

இதைக் கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஒரு வருடத்தில் பேக்கர்ஸுக்கும் பேர்ஸுக்கும் தமக்குள் 2 ஆட்டம். லயன்ஸ், வைக்கிங்ஸ் அணிகளோடு இருவருக்கும் தலா 4. சுழற்சியில் வரும் இரண்டு டிவிஷன்களோடு தலா 8. அந்த எட்டு எதிரிகளும் இருவருக்கும் பொது. ஆக 17-ல் 12 ஆட்டங்கள் அதே எதிரிகளோடு, 2 ஒருவரோடு ஒருவர். வித்தியாசப்படுவது மூன்றே ஆட்டம். ஏறக்குறைய ஒரே வினாத்தாளை வைத்துக்கொண்டு இருவரும் பரீட்சை எழுதுகிறார்கள். "எங்களுக்குக் கஷ்டமான எதிரிகள் வந்துவிட்டார்கள்" என்று டிவிஷன் எதிரியிடம் சாக்குச் சொல்ல முடியாது.

இன்னொன்று. டிவிஷன் எதிரியை ஜெயித்தால் உங்களுக்கு ஒரு வெற்றி கூடுகிறது. அவருக்கு ஒரு தோல்வியும் கூடுகிறது. ஜெயிக்க வேண்டிய அந்த ஆட்டத்தில் தோற்றால் இடைவெளி இரண்டு ஆட்ட அளவுக்குத் திரும்பிவிடும். வெற்றி எண்ணிக்கை சமமாக முடிந்தாலும், ஒருவரையொருவர் ஆடியதில் யார் ஜெயித்தார் என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். 2010 முதல் சீசனின் கடைசி வாரத்தில் டிவிஷன் ஆட்டங்களை மட்டுமே லீக் வைக்கிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

டிவிஷனை வென்றால் என்ன கிடைக்கும்

2020 முதல் ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலிருந்தும் 7 அணிகள் பிளேஆஃபுக்கு, அதாவது தோற்றால் வெளியேறும் இறுதிக் கட்டச் சுற்றுகளுக்கு, போகின்றன. நான்கு டிவிஷன்களின் முதலிடக்காரர்களுக்கு 1 முதல் 4 வரையிலான வரிசை. டிவிஷனை வெல்லாதவர்களில் சிறந்த மூன்று அணிகளுக்கு 5, 6, 7. இவற்றை வைல்டு கார்டு என்கிறார்கள். முதல் வரிசை அணிக்கு முதல் சுற்றில் ஓய்வு. இரண்டாவது அணி ஏழாவதோடு, மூன்றாவது ஆறாவதோடு, நான்காவது ஐந்தாவதோடு மோதும். வரிசையில் மேலே இருப்பவரின் மைதானத்தில்தான் ஆட்டம்.

புதிதாகப் பார்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். டிவிஷனை வென்ற அணி எத்தனை ஆட்டம் தோற்றிருந்தாலும், டிவிஷனை வெல்லாத எல்லோருக்கும் மேலே வைக்கப்படும். 2024 சீசனில் வைக்கிங்ஸ் 14 வெற்றி, 3 தோல்வி. பிரமாதமான கணக்கு. ஆனால் கடைசி ஆட்டத்தில் லயன்ஸிடம் தோற்றதால் டிவிஷன் லயன்ஸுக்குப் போனது. வைக்கிங்ஸ் ஐந்தாம் வரிசைக்கு இறங்கி, 10 ஆட்டம் மட்டுமே ஜெயித்த லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸிடம் முதல் சுற்றிலேயே 27-9 என்று தோற்று வெளியேறியது. இது நியாயமா என்று வருடாவருடம் சண்டை நடக்கிறது. இதுவரை விதி மாறவில்லை. மாற்றினால் டிவிஷன் பந்தயத்தின் சுவாரஸ்யம் போய்விடும் என்பதே என் கணிப்பு. லீக்கும் அப்படித்தான் நினைக்கிறது போல.

2013: எல்லாம் ஓர் ஆட்டத்தில்

இந்த விதிகளெல்லாம் எப்படி ஒன்றோடொன்று பின்னுகின்றன என்று பார்க்க 2013 டிசம்பர் 29-ஐ விடச் சிறந்த நாள் கிடையாது. அப்போது ஓர் அணிக்கு 16 ஆட்டங்கள், கான்ஃபரன்ஸுக்கு ஆறு பிளேஆஃப் இடங்கள்.

முன்கதை நவம்பர் 4-ல் தொடங்குகிறது. கிரீன் பேயில் நடந்த முதல் மோதலில் பேக்கர்ஸின் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸுக்குக் காறை எலும்பு முறிந்தது. பேர்ஸ் 27-20 என்று ஜெயித்தது. குவார்ட்டர்பேக் என்பவர் ஒவ்வொரு நகர்விலும் பந்தை முதலில் கையில் வாங்கி, யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று நொடிகளில் முடிவெடுப்பவர். அவர் இல்லாவிட்டால் அணியே வேறு அணி. ராட்ஜர்ஸ் அடுத்த ஏழு ஆட்டங்கள் ஆடவில்லை. பேக்கர்ஸ் தடுமாறியது, வைக்கிங்ஸோடு ஓர் ஆட்டம் 26-26 என்று சமனில்கூட முடிந்தது.

கடைசி வாரம் வந்தபோது பேர்ஸ் 8 வெற்றி, 7 தோல்வி. பேக்கர்ஸ் 7 வெற்றி, 7 தோல்வி, ஒரு சமன். இரண்டுமே சுமாரான அணிகள்தான். ஆனால் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் அன்று ஜெயிப்பவருக்கு டிவிஷன்; தோற்பவருக்கு வீடு. ராட்ஜர்ஸ் அன்றுதான் காயத்திலிருந்து திரும்பினார். கால் எலும்பு முறிந்து பல வாரம் வெளியே இருந்த ராண்டல் காப் என்ற ரிசீவரும் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) அன்றுதான் திரும்பினார்.

கடைசிக் கட்டத்தில் பேர்ஸ் 28-27 என்று முன்னிலை. பந்து பேக்கர்ஸிடம். இந்த ஆட்டத்தில் பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் புதிதாக நான்கு கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரிக்கு. நான்காவது முயற்சியில் ரிஸ்க் எடுக்காமல் பந்தைத் தூர உதைத்துவிடுவதே வழக்கம். ஆனால் நேரம் இல்லாதபோது அந்த வழக்கத்துக்கு அர்த்தமில்லை. அந்த ஒரே தொடரில் பேக்கர்ஸ் நான்காவது முயற்சியில் மூன்று தடவை பந்தயம் கட்டியது.

மூன்றாவது தடவை தேவைப்பட்டது 8 யார்டு. இலக்குக்கு 48 யார்டு தூரம். ஆட்டத்தில் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. பேர்ஸ் நிறைய ஆட்களை நேராக ராட்ஜர்ஸ் மேல் அனுப்பியது. ஜூலியஸ் பெப்பர்ஸ் அவரைப் பிடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டார். குறுக்கே பாய்ந்த ஜான் கூன் பெப்பர்ஸின் மேல் லேசாக இடித்தார், அவ்வளவுதான். அந்த இடியில் கிடைத்த இடைவெளியில் ராட்ஜர்ஸ் இடது பக்கம் நழுவி எறிந்தார். பின்னால் காவலுக்கு யாருமில்லாமல் நின்றிருந்த காப் பிடித்து உள்ளே ஓடினார். 33-28.

இனி கணக்கு:

1. பேக்கர்ஸ் 8 வெற்றி, 7 தோல்வி, 1 சமன். டிவிஷன் முதலிடம், நான்காம் வரிசை, முதல் சுற்று சொந்த மைதானத்தில்.
2. பேர்ஸ் 8 வெற்றி, 8 தோல்வி. வெளியே.
3. அதே கான்ஃபரன்ஸில் அரிசோனா கார்டினல்ஸ் 10 வெற்றி, 6 தோல்வி. அவர்களும் வெளியே. கடினமான டிவிஷனில் மாட்டிக்கொண்டதற்கான விலை அது.
4. 12 ஆட்டம் ஜெயித்த சான் ஃபிரான்சிஸ்கோ 49-யர்ஸ், 8 ஆட்டம் ஜெயித்த பேக்கர்ஸைத் தேடி கிரீன் பேக்கு வந்து, மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் குளிரில் ஆட வேண்டியிருந்தது. அவர்கள் 23-20 என்று ஜெயித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அன்று காப்பை விட்டுவிட்ட அந்த ஒரு நகர்வைப் பற்றிச் சிகாகோக்காரர்களிடம் பேச்செடுத்தால் போதும், இன்றும் பெருமூச்சு வரும். பெப்பர்ஸ் அடுத்த வருடமே பேக்கர்ஸுக்குப் போய்ச் சேர்ந்தார்.

இரண்டு ஊர்களும் இரண்டு விதமான உரிமையாளர்களும்

லீக் 1920-ல் ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் ஊரில், ஒரு கார் ஷோரூமில் கூடிய கூட்டத்தில் பிறந்தது. பேர்ஸ் அப்போதே உறுப்பினர். ஆனால் பெயர் டெகேட்டர் ஸ்டேலீஸ். ஸ்டேலீ என்ற ஸ்டார்ச் நிறுவனம் தன் ஊழியர்களை வைத்து நடத்திய அணி. அதை நடத்த வந்த ஜார்ஜ் ஹாலஸ் 1921-ல் அணியைச் சிகாகோவுக்குக் கொண்டுபோனார். அடுத்த வருடம் பேர்ஸ் என்று பெயர் மாற்றினார். 40 சீசன்கள் அவரே பயிற்சியாளர், அவரே முதலாளி. 1983-ல் இறந்தார். அவர் மகள் வர்ஜினியா ஹாலஸ் மெக்காஸ்கி 102-வது வயதில், 2025 பிப்ரவரியில் இறக்கும்வரை அணி அவர் கையில் இருந்தது. இன்றும் அந்தக் குடும்பத்திடமே இருக்கிறது. வீரர்களின் இடது கைச் சட்டையில் ஹாலஸின் பெயரின் முதலெழுத்துகள் இருக்கும்.

பேக்கர்ஸை 1919-ல் தொடங்கியவர்கள் கர்லி லாம்போ என்ற உள்ளூர் இளைஞரும் ஜார்ஜ் கால்ஹூன் என்ற பத்திரிகைக்காரரும். சட்டைக்குக் காசு கொடுத்தது ஊரிலிருந்த ஓர் இறைச்சி பேக்கிங் நிறுவனம். பெயர் அங்கிருந்து வந்தது. 1921-ல் லீக்கில் சேர்ந்தார்கள். அந்த நவம்பரிலேயே சிகாகோவோடு முதல் ஆட்டம். 20-0 என்று தோல்வி.

அடுத்து நடந்தது பகைக்கு நல்ல விதை. கல்லூரி வீரர்களைக் கள்ளத்தனமாக ஆடவைத்தார்கள் என்று பேக்கர்ஸின் உரிமத்தை லீக் 1922 தொடக்கத்தில் பறித்தது; சில மாதங்களில் லாம்போ திரும்ப வாங்கிவிட்டார். காட்டிக்கொடுத்தது ஹாலஸ்தான் என்பது கிரீன் பேயில் வழிவழியாக வரும் நம்பிக்கை. 1924-ல் இந்த இரு அணிகளின் ஆட்டத்தில் அடித்துக்கொண்ட இரண்டு வீரர்களை வெளியேற்றினார்கள். லீக் வரலாற்றில் சண்டைக்காக ஆட்களை வெளியே அனுப்பியது அதுவே முதல் தடவை.

பணத் தட்டுப்பாட்டில் பேக்கர்ஸ் 1923-ல் ஊர்மக்களுக்கே பங்கு விற்றது. பிறகு 1935, 1950, 1997, 2011, 2021 என்று இன்னும் ஐந்து தடவை. இன்று பங்குதாரர்கள் 5 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல். இந்தப் பங்குக்கு ஈவுத்தொகை கிடையாது, சந்தையில் விற்கவும் முடியாது. கையில் இருப்பது சான்றிதழ் ஒன்றும், வருடாந்தரக் கூட்டத்தில் ஓட்டும்தான். அணியையே விற்றாலும் பணம் அறக்கட்டளைக்குப் போகுமே தவிரப் பங்குதாரர்களுக்கு வராது. அதாவது அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோக யாருக்கும் ஆசை வராதபடி பூட்டுப் போட்டிருக்கிறார்கள். இப்படி ஓர் அமைப்பை இன்றைய லீக் விதி அனுமதிக்காது; பழைய அணி என்பதால் பேக்கர்ஸுக்கு மட்டும் விலக்கு.

1920-களில் டெகேட்டர், கான்டன், ராக் ஐலண்ட், டுலூத் என்று சின்ன ஊர்களிலெல்லாம் அணிகள் இருந்தன. கிரீன் பே ஒன்றுதான் மிஞ்சியது.

எதிரியைக் காப்பாற்றிய எதிரி

1950-களில் அந்த ஒன்றும் போய்விடும் நிலை. ஒரு பள்ளிக்கூடத்தை ஒட்டியிருந்த பழைய மைதானத்தை மற்ற அணிகள் விரும்பவில்லை. புது மைதானம் கட்டாவிட்டால் அணி ஊரில் நிற்காது என்ற பேச்சு வந்தது. நகராட்சி 9,60,000 டாலர் கடன்பத்திரம் வெளியிடலாமா என்று 1956 ஏப்ரலில் மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள்.

அதற்கு ஆதரவு கேட்டுக் கிரீன் பேக்கே வந்து மேடையேறியவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஹாலஸ். ஆமாம், அதே ஹாலஸ்தான். வாக்கெடுப்பு பெரிய வித்தியாசத்தில் வென்றது. 1957 செப்டம்பர் 29 அன்று புது மைதானம் திறந்தபோது முதல் ஆட்டத்துக்கு வந்த எதிரி பேர்ஸ். பேக்கர்ஸ் 21-17 என்று ஜெயித்து அவர்களை அனுப்பிவைத்தது. 1965 முதல் அந்த மைதானத்தின் பெயர் லாம்போ ஃபீல்டு.

ஹாலஸுக்குத் திடீரென்று மனசு இளகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆளைத் தெரிந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்து மாநிலத்து எதிரி வந்தால் தன் மைதானமும் நிறையும் என்பது அவருக்குத் தெரியும். சாலை வழியே போனால் இரண்டு ஊர்களுக்கும் நடுவே முந்நூறு கிலோமீட்டர் சொச்சம்தான்.

இதே தர்க்கம் 1961-ல் லீக் முழுவதற்கும் விரிந்தது. அதுவரை ஒவ்வோர் அணியும் தன் டிவி உரிமையைத் தனியாக விற்றது. நியூயார்க், சிகாகோ அணிகளுக்கு நல்ல காசு. கிரீன் பேக்குச் சில்லறை. லீக் கமிஷனர் பீட் ரோசெல், எல்லா உரிமையையும் மொத்தமாக விற்றுச் சமமாகப் பங்கிடலாம் என்றார். அதற்கு வழிவிட்டு அமெரிக்க நாடாளுமன்றம் 1961-ல் சட்டம் இயற்றியது. நஷ்டப்படப்போகிற பெருநகர முதலாளிகள் ஒத்துக்கொண்டதால்தான் அது நடந்தது. ஹாலஸ் அவர்களில் ஒருவர். 1962-ல் சி.பி.எஸ். கொடுத்தது வருடத்துக்கு 46.5 லட்சம் டாலர். 14 அணிகளுக்கும் சம பங்கு.

இன்று அந்தப் பங்கு எவ்வளவு? மற்ற அணிகள் தனியார் சொத்து என்பதால் கணக்கு காட்டாது. பேக்கர்ஸ் பங்குதாரர்களுக்குக் கணக்கு காட்டியே ஆக வேண்டும் என்பதால், அவர்கள் அறிக்கையை வைத்துத்தான் உலகமே தெரிந்துகொள்கிறது. 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் லீக்கிலிருந்து ஓர் அணிக்கு வந்தது 43.26 கோடி டாலர். 2025-ல் வீரர்களின் சம்பளத்துக்கு ஓர் அணி செலவிடக்கூடிய உச்சவரம்பு 27.92 கோடி டாலர்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு டிக்கெட்கூட விற்காமல் கிரீன் பே தன் வீரர்களுக்கு முழுச் சம்பளம் கொடுத்துவிடலாம். சிகாகோ எவ்வளவு சம்பாதித்தாலும் வரம்பைத் தாண்டிச் செலவழிக்க முடியாது. சம்பள வரம்பு 1994-ல் வந்தது. அதற்கும் முன்பே, 1936 முதல், கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் கடைசியாக வந்த அணிக்கே முதல் வாய்ப்பு. ஆக ஊரின் அளவு ஒரு பொருட்டே இல்லாமல் போனது.

அப்புறம் ஏன் முப்பது வருடம் ஒருதலைப்பட்சம்?

பணம் சமம், எதிரிகள் சமம் என்றால் வித்தியாசம் தேர்வில்தான் வரும். பேக்கர்ஸ் 1992-ல் அட்லாண்டாவிடமிருந்து குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ரை வாங்கியது. 2005 டிராஃப்டில் 24-வது ஆளாக ராட்ஜர்ஸ். 2020-ல் 26-வதாக ஜோர்டன் லவ். மூன்று பேர், முப்பது வருடத்துக்கும் மேல். ராட்ஜர்ஸும் லவும் தலா மூன்று வருடம் மூத்தவரின் பின்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகே முதன்மை இடத்துக்கு வந்தார்கள். ஃபாவ்ர் பேக்கர்ஸுக்காக பேர்ஸை 22 முறை வென்றார், 10 முறை தோற்றார். ராட்ஜர்ஸ் பிளேஆஃபையும் சேர்த்து 25-க்கு 5. 2021 அக்டோபரில் சோல்ஜர் ஃபீல்டில் டச்டவுன் (எதிரியின் எல்லைக்கோட்டுக்குள் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) போட்டுவிட்டு, "நீங்கள் இன்னும் என் சொத்துதான்" என்கிற அர்த்தத்தில் பார்வையாளர்களைப் பார்த்துக் கத்தினார். கணக்குப்படி மறுக்க முடியவில்லை.

சிகாகோ பக்கம் நேர்மாறு. குவார்ட்டர்பேக்குகள் வந்தார்கள், போனார்கள். 2017 டிராஃப்டில் இரண்டாவது வாய்ப்பில் மிட்ச் ட்ருபிஸ்கியை எடுத்தார்கள். பின்னாளில் லீக்கின் நட்சத்திரக் குவார்ட்டர்பேக்கான பேட்ரிக் மஹோம்ஸ் பத்தாவது ஆளாக கன்சாஸ் சிட்டிக்குப் போனார். இந்த அணியின் நூறு வருட வரலாற்றில் ஒரு சீசனில் 4,000 யார்டு எறிந்தவர் ஒருவர்கூட இல்லை.

பகையின் ஆகப்பெரிய கிண்டல் 2011 ஜனவரி 23 அன்று நடந்தது. என்.எஃப்.சி. இறுதி ஆட்டம், சோல்ஜர் ஃபீல்டில். பேக்கர்ஸ் 21-14 என்று ஜெயித்தது. அந்த வெற்றிக்குக் கொடுக்கும் கோப்பையின் பெயர் ஜார்ஜ் ஹாலஸ் கோப்பை. ஹாலஸின் மைதானத்தில், அவர் மகள் பார்த்திருக்க, அவர் பெயரிலான கோப்பையைப் பச்சை மஞ்சள் சட்டைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு வாரம் கழித்து பிட்ஸ்பர்க்கை வென்று, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் கோப்பையையும் எடுத்தார்கள். அதற்கோ அவர்களுடைய பழைய பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியின் பெயர்.

பேர்ஸுக்குப் பெருமை இல்லை என்று ஆகாது. மொத்தச் சாம்பியன் பட்டங்களில் பேக்கர்ஸுக்கு 13, பேர்ஸுக்கு 9. லீக்கில் முதல் இரண்டு இடங்கள் இவைதான். நேருக்கு நேர் கணக்கில் நெடுங்காலம் பேர்ஸே முன்னால் இருந்தது. 2017-ல்தான் பேக்கர்ஸ் தாண்டியது.

2025-ல் என்ன மாறியது

பேர்ஸ் 2024 டிராஃப்டின் முதல் ஆளாக குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை எடுத்தது. முதல் வருடம் 5 வெற்றி, 12 தோல்வி. ஆனால் 2025 ஜனவரி 5 அன்று லாம்போ ஃபீல்டில் 24-22 என்று ஜெயித்து, பேக்கர்ஸிடம் தொடர்ந்து 11 முறை தோற்றதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதே மாதம் லயன்ஸிலிருந்து பென் ஜான்சனைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள். அறிமுகக் கூட்டத்திலேயே, வருடத்துக்கு இரண்டு தடவை பேக்கர்ஸ் பயிற்சியாளர் மேட் லஃப்ளோரை ஜெயிப்பது தனக்குப் பிடித்திருந்தது என்றார். வழக்கமாக இந்த மாதிரிக் கூட்டங்களில் எல்லோரும் பணிவாகப் பேசிவிட்டுப் போவார்கள்.

பிறகு அந்த மூன்று ஆட்டங்கள்:

1. டிசம்பர் 7, லாம்போ ஃபீல்டு. பேக்கர்ஸ் 28-21. கடைசி நொடிகளில் வில்லியம்ஸ் எறிந்த பந்தை பேக்கர்ஸின் கீஷான் நிக்சன் எல்லைக்கோட்டுக்குள் பறித்தார்.
2. டிசம்பர் 20, சோல்ஜர் ஃபீல்டு. இரண்டு நிமிடம் இருக்கையில் பேக்கர்ஸ் 16-6 என்று முன்னிலை. பேர்ஸ் ஒரு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் 3 புள்ளி) போட்டது. அடுத்து எதிரியிடம் உதைத்துவிட வேண்டிய பந்தைக் குட்டையாக உதைத்துத் தானே கைப்பற்றியது. நான்காவது முயற்சியில் டச்டவுன். கூடுதல் நேரத்தில் வில்லியம்ஸ் டி.ஜே. மூருக்கு 46 யார்டு எறிந்து 22-16.
3. ஜனவரி 10, மறுபடி சோல்ஜர் ஃபீல்டு, பிளேஆஃப்.

மூன்றாவது மோதல் தற்செயலானது. முதல் இரண்டையும் அட்டவணை கட்டாயமாக்கியது. மூன்றாவதை வரிசை எண் கொடுத்தது. 11 வெற்றியோடு டிவிஷனை வென்ற பேர்ஸுக்கு இரண்டாம் வரிசை. 9 வெற்றி, 7 தோல்வி, 1 சமனோடு பேக்கர்ஸுக்கு ஏழு. இரண்டும் ஏழும் மோத வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இத்தனை வருடத்தில் இவர்கள் பிளேஆஃபில் சந்தித்தது அது மூன்றாவது தடவைதான். முந்தையவை 1941-லும் 2011 ஜனவரியிலும்.

பாதி ஆட்டத்தில் பேக்கர்ஸ் 21-3. கடைசிக் கால்பகுதியில் மட்டும் பேர்ஸ் 25 புள்ளிகள் எடுத்து 31-27 என்று ஜெயித்தது. அந்த சீசனில் வில்லியம்ஸ் எறிந்தது 3,942 யார்டு. அணியின் சாதனைதான், ஆனால் அந்த 4,000 இன்னும் பாக்கி.

சமன் எங்கே கசிகிறது

டிவிப் பணம் சமமாகப் பிரிகிறது; ஆனால் மைதானத்தில் வரும் எல்லாப் பணமும் அப்படிப் பிரிவதில்லை. டிக்கெட்டில் ஒரு பகுதி பொதுக்கணக்குக்குப் போகும். சொகுசுப் பெட்டி வாடகை, விளம்பரம், பார்க்கிங் போன்றவை பெரும்பாலும் உள்ளூர் அணிக்கே.

இங்கே நிலைமை தலைகீழ். லாம்போ ஃபீல்டில் 81,000 பேருக்கு மேல் உட்காரலாம். சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஒரு லட்சம் பேருக்கும் மேல். சோல்ஜர் ஃபீல்டில் சுமார் 61,500 பேர். லீக்கிலேயே சிறியது, அதுவும் சிகாகோ பூங்கா வாரியத்தின் சொத்து. பேர்ஸ் வெறும் வாடகைதாரர். அதனால்தான் 2023-ல் புறநகரான ஆர்லிங்டன் ஹைட்ஸில் பழைய குதிரைப் பந்தய மைதானத்தை 19.72 கோடி டாலருக்கு வாங்கிப்போட்டார்கள்.

பேர்ஸ் சொந்தமாக, கூரையோடு, பெரிய மைதானம் கட்டிவிட்டால் 27 லட்சம் பேர் நகரத்தின் பலம் முதல்முறையாகக் கல்லாவில் தெரியும். சம்பள வரம்பு இருப்பதால் வீரர்களை வாரிக் குவிக்க முடியாது. ஆனால் பயிற்சியாளர்கள், மருத்துவம், பயிற்சிக்கூடம் ஆகியவற்றுக்கு வரம்பு கிடையாது. ஒப்பந்தம் போடும்போது மொத்தமாகக் கையில் கொடுக்கும் முன்பணத்துக்கும் ரொக்கம் வேண்டும். பணக்கார முதலாளி யாரும் இல்லாத கிரீன் பே இதற்கென்றே 50 கோடி டாலருக்கும் மேல் இருப்பு நிதி சேர்த்துவைத்திருக்கிறது. மைதானத்தை ஒட்டி டைட்டில்டவுன் என்ற வணிகப் பகுதியையும் வளர்த்துவருகிறது.